மாமரத்தில் ஒரு எங்காங்

“வெட்டியே தீருவேன்!” என்றார் கமலநாதன். சொன்ன வேகத்தில் கோப்பி தளும்பிக் கைலியில் கொட்டியது. அந்தக் கோபமும் சேர்ந்து மாமரத்தின் மேல்தான் போனது.

பயப்படாதீர்கள். அவர் மனுஷரை வெட்டுகிற ஆள் இல்லை. கோழியைக்கூட வெட்டியதில்லை, அதையும் அவர் மனைவி சாந்தினிதான் செய்வாள். தொழிற்சாலையில் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி சூப்பர்வைசர் ஆனவர். அதனால் வீட்டில் உப்பு கேட்டாலும் ஊருக்கே கேட்கும்.

சிம்பாங் ரெங்கத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில், மூலை வீடு அவருடையது. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி நிலம். அதில் ஒரு பெரிய மாமரம். மரம் இருக்கும் இடத்தில் தன்னுடைய வண்டி நிற்க வேண்டும் என்பது அவருடைய முடிவு. ஃபோர்வீல் வண்டி. புதிதாக வாங்கிய பழைய வண்டி. இப்போது அது வாசலில் வெயிலில் நிற்கிறது; அதைப் பார்க்கப் பார்க்க இவருக்கு மண்டை காய்கிறது.

மரத்தடியிலோ சாந்தினி உட்கார்ந்திருக்கிறாள். அவளைச் சுற்றி மயில்கள்.

உயிர் மயில் இல்லை. காவடி மயில். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர்களுக்கு மயில் செய்து கொடுப்பது அவள் தொழில். வெள்ளை பாலிஸ்டைரின் அட்டையை அறுத்து, தேய்த்து, சாயம் பூசி, கழுத்தை லேசாக ஒடித்து அவள் நிறுத்திவிட்டால், பூனைகள் பதுங்கிப் பதுங்கி வந்து பார்த்துவிட்டு அசடு வழிந்து போகும். அந்தச் சாயம் வெயிலில் காய்ந்தால் வெடித்துவிடும். வீட்டுக்குள் காய்ந்தால் நாற்றம் தாங்காது. மாமர நிழலில்தான் பதமாகக் காயும். மரம் போனால் அவள் பிழைப்பு போச்சு. இது கமலநாதனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் குதித்தார். சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

“தைப்பூசம் முடியட்டுமேங்க. எல்லா ஆர்டரும் கையில இருக்கு” என்றாள் சாந்தினி.

“வண்டிக்குக் கொட்டாய் போடணும். மரம் இருந்தா எப்படிப் போடுறது?”

“வண்டி எதுக்கு?”

“காஹாங் காட்டுக்குப் போறதுக்கு!”

“காட்டுல என்ன?”

“பறவ, மிருகம், மரம்! எத்தன தடவ சொல்றது உனக்கு?”

“அப்ப, காட்டுல போயி மரம் பாக்கணும்னு வீட்டு மரத்த வெட்டுறீங்க.”

பதில் வராதபோது கமலநாதனுக்குச் சத்தம் வரும்.

“ஞாயித்துக்கிழம அய்யாவு ரம்பத்தோட வர்றான். சொன்னா சொன்னதுதான்! இந்த வீட்டுல ஆம்பள யாரு?”

“நீங்கதாங்க” என்றாள் சாந்தினி, மயிலுக்குக் கண் வைத்துக்கொண்டே. அந்தப் பதில்தான் அவருக்கு இன்னும் எரிந்தது.

இந்தக் கோபத்துக்கெல்லாம் மூலம் ஒரு முதலை.

தாமானில் நாலு வீடு தள்ளி மரியநாதன் என்று ஒருவர். ஞாயிறு பூசை முடிந்ததும் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர்தான் கமலநாதனைப் பறவை பார்க்கும் குழுவில் சேர்த்துவிட்டது. குழுவின் தலைவர் ரூபேந்திரன், குளுவாங்கில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கூப்பிட்டுப் போன முதல் பயணத்திலேயே கமலநாதன் பேர் வாங்கிவிட்டார்.

காஹாங் போகும் வழியில் ஒரு தங்கும் விடுதி. குளக்கரையில் முதலை. முதலில் பார்த்தது கமலநாதன். “படுங்க! எல்லாரும் படுங்க!” என்று கத்தியே கிசுகிசுத்தார். மொத்தக் குழுவும் சேற்றில் குப்புறப் படுத்தது. இவர் முழங்கையால் ஊர்ந்து ஊர்ந்து, அட்டைக் கடியோடு, முதலையின் முகத்துக்கு நேரே போய்ப் படம் எடுத்துத் தள்ளினார். வாயைத் திறந்தது திறந்தபடி அது போஸ் கொடுத்தது. அப்போது விடுதியில் வேலை செய்கிற அம்மா ஒருவர் வந்தார். தரை துடைத்த துணியைப் பிழிந்தார். முதலையின் முதுகில் காயப் போட்டார். போய்விட்டார்.

சிமெண்ட் முதலை.

அன்றிலிருந்து குழுவில் கமலநாதன் என்றால் யாருக்கும் தெரியாது. ‘சிமெண்ட்’ என்றால்தான் தெரியும். மரியநாதன் அந்தத் துணியோடு சேர்த்து எடுத்த படம் வாட்ஸ்அப்பில் ஜொகூர் பாரு வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. “இனிமே ஒருத்தனும் என்ன ஏமாத்த முடியாது! நெசமான மிருகத்த நானே தேடிக் கண்டுபிடிப்பேன்!” என்று சபதம் போட்டுத்தான் வண்டி வாங்கினார். வண்டிக்காகத்தான் கொட்டாய். கொட்டாய்க்காகத்தான் மரம்.

சாந்தினி இதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். கேட்காமல் என்ன செய்வது? ராத்திரிச் சாப்பாட்டில் தினமும் அவருக்குப் பறவைப் பாடம்தான். அவள் சொல்வது எதுவும் அவர் காதில் ஏறாது. அவர் சொல்வது எல்லாம் அவள் காதில் ஏறும். அந்த வீட்டின் ஏற்பாடு அப்படி.

“எங்காங் தெரியுமா உனக்கு? தமிழ்ல இருவாச்சிம்பாங்க. பெரிய மூக்கு. முட்ட வைக்கிறப்போ பொட்டப் பறவ மரப் பொந்துக்குள்ள போயி உக்காந்துக்கும். வாசல மண்ணால பூசி அடைச்சுடும். மூக்கு நீட்டுறதுக்கு மட்டும் சின்னதா ஒரு சந்து.”

“பொறவு சாப்பாடு?”

“ஆண் பறவதான் பழம் கொண்டாந்து ஊட்டும். மாசக் கணக்குல. குஞ்சு வெளிய வர்ற வரைக்கும்.”

“புருஷன் ஊட்டுமா?” சாந்தினி சோற்றுக் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

“ஆமா. அந்த மரத்த யாரும் தொடக் கூடாது. கிட்டப் போகக் கூடாது. முகத்துக்கு நேராப் பாக்கவே கூடாது, பயந்துடும். நெசமான பறவக்காரனுக்கு அதுதான் மொத ஒழுக்கம். இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து.”

அவள் ஊற்றினாள்.

சனிக்கிழமை காலை. பல் குச்சியோடு பின்பக்கம் வந்த கமலநாதன், நாளைக்கு விழப் போகிற மரத்தை ஒரு வெற்றிப் பார்வை பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார்.

மரத்தின் நடுவில், முன்பு கிளை முறிந்து உளுத்துப் போன இடத்தில் ஒரு பொந்து உண்டு. அந்தப் பொந்தின் வாய் மண் பூசி அடைபட்டிருந்தது. நடுவில் ஒரு சந்து. சந்தில் வெளிர் மஞ்சளாக ஒரு மூக்கு.

மூக்கு அசைந்தது. உள்ளே போனது. மறுபடி எட்டிப் பார்த்தது.

“சா...” என்றார். அவர் வாழ்க்கையில் சத்தம் வராத முதல் காலை அது.

“என்னாங்க?” சமையலறை ஜன்னலில் சாந்தினி.

“ஷ்ஷ்! எங்காங்! நம்ம மரத்துல எங்காங் கூடு கட்டியிருக்கு!”

“அலமாக்! நெசமாவா? பாத்துச் சொல்லுங்க. முதல மாதிரி ஆயிடப் போகுது.”

“வாய மூடு! சிமெண்ட் அசையுமா? அந்தா பாரு, அசையுது!”

“ஆமாங்க, அசையுது” என்று ஒப்புக்கொண்டாள் சாந்தினி. “அப்ப நாளைக்கு அய்யாவு வர்றாரே?”

“வரட்டும், கால ஒடிக்கிறேன்!”

அய்யாவு பாவம், சொன்ன நேரத்துக்கு ரம்பத்தோடு வந்தார். ஆறு மாதமாக எந்த வேலைக்கும் சொன்ன நேரத்துக்குப் போகாதவர், அன்றைக்கென்று வந்து நின்றார். வாசலிலேயே கமலநாதன் பாய்ந்தார்.

“யோவ், உனக்கு ஈவு இரக்கம் இருக்கா? வாயில்லாத ஜீவன் குடும்பம் நடத்துற மரத்த வெட்ட வந்திருக்கியே!”

“நீங்கதானே வரச் சொன்னீங்கண்ணே?”

“சொன்னா வந்துடுவியா? யோசிக்க மாட்டியா? போய்யா!”

அய்யாவு சாந்தினியைப் பார்த்தார். சாந்தினி ஒரு பொட்டலம் பலகாரம் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். அவர் போகும்போது சிரித்துக்கொண்டே போனதைக் கமலநாதன் கவனிக்கவில்லை. அவர்தான் எதைக் கவனித்தார்?

படம் குழுவுக்குப் போனது. மறுநிமிடமே மரியநாதன் சப்பாத்துகூடப் போடாமல் ஓடி வந்தார்.

“எங்க கமல்? இதுவும் சிமெண்டா? துணி கிணி காயப் போடலாமா?”

“கிண்டலா பண்ணுற? நில்லு. அங்கேயே நில்லு! கிட்டப் போகாத. ஒழுக்கம் தெரியாதா உனக்கு?”

மரியநாதன் நின்றார். மூக்கு மெல்ல நீண்டது. இடது பக்கம் சாய்ந்து அவரைப் பார்ப்பது போலப் பார்த்தது. சட்டென்று உள்ளே போனது. மரியநாதன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“கர்த்தரே! நெசந்தான்லா கமல். இந்தத் தாமான்லயா?”

“என் வீட்டுல” என்று திருத்தினார் கமலநாதன். “சிமெண்ட் வீட்டுல.”

அன்று ராத்திரி குழுவில் அவர் பேர் மறுபடியும் கமலநாதன் ஆனது. அவர் அந்தச் செய்தியைப் படித்தார், சாந்தினிக்குப் படித்துக் காட்டினார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

சந்தோஷம் ஒரு வாரம்தான். அப்புறம் கோபம் வேறு பக்கம் திரும்பியது. ஆண் பறவையைக் காணோம்.

காலையில் பார்த்தார், வரவில்லை. வேலைக்கு லீவு போட்டுப் பார்த்தார், வரவில்லை. உள்ளே ஒரு பொம்பளை பட்டினியில் மூக்கை நீட்டி நீட்டிப் பார்க்கிறது. வெளியே போன புருஷனுக்கு வீட்டு ஞாபகமே இல்லை. கமலநாதனுக்கு ரத்தம் கொதித்தது. செம்பனைத் தோட்டத்தைப் பார்த்துக் கத்தினார்.

“டேய்! எங்கடா ஊர் சுத்துற? பொண்டாட்டிய நாலு செவுத்துக்குள்ள அடைச்சு வச்சுட்டு, அவ தின்னாளா தூங்கினாளான்னு ஒரு எட்டு வந்து பாக்க மாட்டியா? நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?”

“நல்லாக் கேளுங்க” என்றாள் சாந்தினி ஜன்னலிலிருந்து.

“அவ என்ன உன் வேலக்காரியா?”

“அதையும் கேளுங்க.”

“ஒரு பழம், ஒரே ஒரு பழம் கொண்டாந்து குடுத்தா உன் றெக்கை ஒடிஞ்சா போயிடும்?”

சாந்தினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து அவருக்கு இன்னும் ஆவேசம் வந்தது.

அன்று சாயங்காலம் கமலநாதன் பப்பாளி வாங்கி வந்தார். தானே தோல் சீவினார். தானே விதை எடுத்தார். கத்தி எங்கே இருக்கிறது என்று மட்டும் சாந்தினியிடம் கேட்டார். கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. துண்டு போட்டு ஐஸ்கிரீம் டப்பாவில் அடுக்கி, ஏணி வைத்து ஏறி, பொந்துக்குக் கீழே கம்பியில் மாட்டினார். முகத்துக்கு நேராகப் பார்க்கக் கூடாதல்லவா, கண்ணை இறுக மூடிக்கொண்டு தடவித் தடவி மாட்டிவிட்டு இறங்கினார்.

அதற்கப்புறம் இதுவே வழக்கம் ஆயிற்று. விடிகாலையில் மாட்டிவிட்டு வேலைக்குப் போவார். சாயங்காலம் டப்பா காலி. “சாப்பிட்டுருச்சு!” என்று பிள்ளை பெற்றவர் மாதிரி பூரிப்பார். ஒருநாள் பப்பாளி கொஞ்சம் காய்ப் பதமாக இருந்துவிட்டது. அன்று பாதி அப்படியே மிச்சம்.

“பாத்தியா, எவ்ளோ ருசி பாக்குது!”

“வாய்க்கு நல்லா இருந்தாத்தானே யாரும் தின்னுவாங்க” என்றாள் சாந்தினி.

மரத்தடியில் மயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காய்ந்துகொண்டிருந்தன. வண்டி வெயிலில் வெந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி அவர் மறந்தே போனார்.

ரூபேந்திரன் வாத்தியாரே நேரில் வருவதாகச் செய்தி வந்தது. குழு மொத்தமும் வருகிறது. கமலநாதன் முடி வெட்டிக்கொண்டார். சாந்தினி, “கூட்டம் வேணாங்க, பயந்துக்கும்” என்று சொல்லிப் பார்த்தாள். கேட்பாரா?

அன்று காலை, அவர்கள் வருவதற்கு முன்னால் டப்பாவை நிரப்பிவிடலாம் என்று ஏறினார். ராத்திரி பெய்த மழையில் தரை சொதசொதவென்று இருந்தது. வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். ஏணியின் ஒரு கால் சேற்றில் இறங்கியது. உடம்பு சாய்ந்தது. விழாமல் இருக்கக் கைக்குக் கிடைத்ததைப் பிடித்தார்.

கைக்குக் கிடைத்தது மூக்கு.

“க்ரீச்” என்று ஒரு சத்தம். பறவை சத்தம் இல்லை. அந்தச் சத்தத்தை அவர் தினமும் கேட்கிறவர். பாலிஸ்டைரினைத் தேய்த்தால் வருகிற, பல் கூசுகிற சத்தம்.

கண்ணைத் திறந்தார். மூக்கு கையோடு வந்துவிட்டது. வெளிர் மஞ்சள் சாயம், மேலே பளபளப்பு, நுனியில் கறுப்பு. மயில் மூக்குக்குப் பூசுகிற அதே சாயம். பின்பக்கம் ரப்பர் பேண்டு, அதன் மறுமுனை இன்னும் பொந்துக்குள். முன்பக்கம், கண்ணுக்கே தெரியாத தூண்டில் நூல். நூல் இலைகளுக்கு நடுவே புகுந்து, துணிக் கொடியை ஒட்டிப் போய், சமையலறை ஜன்னலுக்குள் நுழைந்தது.

ஜன்னலில் சாந்தினி. அவள் கையில் நூலின் மறுமுனை.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கமலநாதனின் முகம் சிவந்தது. காது சிவந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல் புறப்பட்டுத் தொண்டை வரைக்கும் வந்தது.

“கமல்! நாங்க வந்துட்டோம்லா!”

வாசலில் மரியநாதன். அவருக்குப் பின்னால் ரூபேந்திரன். அவருக்குப் பின்னால் கேமராக்கள். முதலைக்குப் பக்கத்தில் சேற்றில் படுத்த அத்தனை பேரும்.

கமலநாதன் கையில் இருந்த மூக்கைப் பார்த்தார். சிமெண்டுக்கு அடுத்து பாலிஸ்டைரின். இந்தத் தடவை ஜொகூர் பாருவோடு நிற்காது, சிங்கப்பூருக்கும் போகும். சாகிற வரைக்கும் போகும். செத்த பிறகு காரியத்திலும் எவனாவது சொல்வான்.

தொண்டை வரைக்கும் வந்த கத்தலை விழுங்கினார். மூக்கைப் பொந்தில் செருகினார். நேராக இருக்கிறதா என்று ஒரு தடவை சரிபார்த்தார். இறங்கினார்.

“என்ன கமல், முகம் இப்படி இருக்கு?” என்றார் மரியநாதன்.

“கோவமா இருக்கு. யாரும் கிட்டப் போகாதீங்க.”

“யாரு, பறவையா?”

“ஆமா. பறவதான்.”

ரூபேந்திரன் வேலியோரம் தொலைநோக்கியை நிறுத்தினார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கமலநாதன் மூச்சைப் பிடித்தது வேறு காரணத்துக்கு. மூக்கு மெல்ல வெளியே வந்தது. ஒரு சாய்ப்பு சாய்த்தது. வெட்கப்பட்டது போல உள்ளே போனது. பத்து மயிலுக்கு உயிர் கொடுத்த கைக்கு ஒரு மூக்கு பெரிய விஷயமா?

“அருமை” என்றார் ரூபேந்திரன், தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஆண் பறவ எங்க?”

“அதப் பத்திப் பேசாதீங்க சார். பொறுப்பில்லாத ஜென்மம். ஒரு நாளும் வந்ததில்ல.”

“அப்ப இது எப்படி உயிரோட இருக்கு?”

கமலநாதன் வாயைத் திறப்பதற்குள் மரியநாதன் முந்திக்கொண்டார். “இவர்தான் சார் ஊட்டுறாரு! தெனமும் பப்பாளி. தானே வெட்டி, தானே ஏறி.”

ரூபேந்திரன் இரண்டு கையாலும் கமலநாதனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்கள சிமெண்ட்னு சொன்ன வாய்க்கு மன்னிப்புக் குடுங்க. இனிமே உங்கள நம்பித்தான் இந்த உயிர் இருக்கு. ஒரு நாள்கூட விட்டுடாதீங்க. குஞ்சு வெளிய வர எப்படியும் தைப்பூசம் தாண்டிடும். அதுவரைக்கும் இந்த மரத்துல ஒரு இலையக்கூடப் பறிக்க மாட்டேன்னு எல்லார் முன்னாலயும் எனக்கு வாக்குக் குடுங்க.”

எல்லாரும் கமலநாதனைப் பார்த்தார்கள். எல்லாக் கேமராவும் பார்த்தது.

“குடுத்தேன்” என்றார் கமலநாதன். கை தட்டினார்கள்.

“தண்ணி கொண்டாரேன்” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் பாய்ந்தார். கதவைச் சாத்தினார். உலகத்திலேயே கஷ்டமான வேலை எது தெரியுமா? கத்தியே பழகினவர் கிசுகிசுப்பாகச் சண்டை போடுவது.

“அடிப்பாவி!” காற்றுதான் வந்தது. “கட்டின புருஷன ஏமாத்துறியே, உனக்கு மனசாட்சி இருக்கா?”

“மெதுவாப் பேசுங்க, பறவ பயந்துக்கும்.”

“வெட்டுறேன்! இப்பவே, இந்த நிமிஷமே அய்யாவுக்குப் போன் போடுறேன்!”

“போடுங்க. அவருக்கு அன்னைக்கே தெரியும். மண் பூசுறதுக்கு ஏணி புடிச்சது அவர்தான். வெளிய நிக்கிறவங்ககிட்டயும் சொல்லிடுங்க. நான் வேணா மூக்கக் கழட்டிக் கொண்டாரேன், மரியநாதன் அண்ணன் படம் எடுத்துக்கட்டும்.”

கமலநாதன் மேசையை ஓங்கிக் குத்தப் போனார். சத்தம் கேட்குமே என்று பாதியில் நிறுத்தி, தடவிக் கொடுத்தார்.

“உனக்கு யாருடி இதெல்லாம் சொல்லிக் குடுத்தா? மண்ணு, சந்து, மூக்கு...”

“நீங்கதான். ரசம் ஊத்திக்கிட்டே சொன்னீங்க. கிட்டப் போகக் கூடாது, நேராப் பாக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதனாலதான் எனக்கு வேல சுலபமாப் போச்சு.” அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. “நான் வாயால கேட்டேன். தைப்பூசம் வரைக்கும் நிழல் வேணும்னு எத்தன தடவ கேட்டேன்? என் தொழிலுக்கு நீங்க காது குடுக்கல. ஒரு பறவையோட மூக்குக்கு மரியாத குடுத்தீங்க. அதான் மூக்கு செஞ்சேன்.”

கமலநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். எதையாவது கேட்டு மடக்க வேண்டும். ஒரு கேள்வி கிடைத்தது.

“அப்ப பப்பாளி? இத்தன நாளா நான் தோல் சீவி, வெத எடுத்து, கண்ண மூடிக்கிட்டு ஏறி வச்சேனே, அது எங்க போச்சு?”

சாந்தினி அடுப்பு மேடையைப் பார்த்தாள். அங்கே ஒரு கிண்ணம் இருந்தது. அதில் ஒரு முள்கரண்டி. பக்கத்தில் பிழிந்து போட்ட எலுமிச்சம்பழத் தோல்.

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“நீங்க வேலைக்குப் போனதும் அதே ஏணியில ஏறி எடுத்துக்குவேன்” என்றாள். “நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு நாளுதான் காயா இருந்துச்சு.”

வெளியே ரூபேந்திரன் குரல் கேட்டது. “கமலநாதன்! ரொம்ப நேரமா மூக்கே காணோமே! அதுக்குப் பசியோ என்னமோ!”

கமலநாதன் கதவைப் பார்த்தார். சாந்தினி நூலை எடுத்து அவர் விரலில் சுற்றிவிட்டாள்.

“இழுங்க. எனக்குச் சர்பத் தண்ணி கலக்கணும். இப்படி வெடுக்குனு இழுக்காதீங்க, பொம்பளப் பறவ. மெதுவா. ஆங், அப்படித்தான்.”

அவர் இழுத்தார். வெளியே எல்லாரும் “ஆ...” என்றார்கள். மரியநாதன், “பாத்தீங்களா, கமல் பேர் சொன்னதும் வருது!” என்றார்.

சாந்தினி தட்டில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போனவள், ஏதோ ஞாபகம் வந்தவளாகத் திரும்பினாள்.

“அப்புறம், பப்பாளி சலிச்சுப் போச்சுங்க. நாளையிலேருந்து ரம்புத்தான் வைங்க, கொட்டைய எடுத்துட்டு.”